சாவடியில் நில்லாத பஸ்

மலைநாட்டு வாகன இயக்கத்தொகுதி ஆய்வு நிலையத்தில் வாகனம் கிடையாது. வாசலில் பணிப்பாளரின் ஜீப் ஒன்று நிற்கும். ஆனால் அது வாகனமல்ல, பதவி. அதைத் தொட்டு ஆராய்ச்சி செய்ய யாருக்கும் துணிவு வந்ததில்லை.

நிலையம் அம்பிட்டியவில் ஒரு மேட்டின்மேல், வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன பங்களாவில் இருந்தது. நம் மலைப்பாதைகளுக்கு ஏற்ற பஸ் ஒன்றின் எஞ்சினையும் கிளச்சையும் கியர்பெட்டியையும் வடிவமைப்பது அதன் வேலை. எஞ்சினில் பிறக்கும் சுழற்சியைச் சில்லு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் சாமான்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இயக்கத்தொகுதி என்று பெயர். நிலையத்தின் பெயரை மூச்சுவிடாமல் சொல்லத் தெரிந்தவர்கள் பணிப்பாளரும் வாசல் காவலாளியும் மட்டுமே. காவலாளி, வழிதவறி வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தார்.

பஸ் கம்பியூட்டருக்குள் இருந்தது. நம் சண்டைக்கு ஆயுதம் விற்ற தூரத்து நாடு ஒன்று, மனம் உறுத்தியோ என்னவோ, ஒரு கம்பியூட்டரையும் அதற்குரிய மென்பொருளையும் இனாமாகத் தந்திருந்தது. இரும்பை வார்க்காமல், பல்லுச்சக்கரம் வெட்டாமல், ஒரு சொட்டு டீசல் எரிக்காமல் முழு பஸ்ஸையும் அதற்குள் ஓட்டிப் பார்க்கலாம். கியர் பொருந்தவில்லையென்றால் எண்ணை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டலாம். உலகமெங்கும் கெட்டிக்காரர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். அதன்பிறகு அவர்கள் உண்மையான வாகனம் ஒன்றையும் செய்கிறார்கள். இந்த இரண்டாம் பகுதி வீண் செலவென்று நிலையம் ஆரம்பத்திலேயே கண்டுகொண்டது.

திறப்பு விழாவன்று ஒரு சிக்கல் வந்தது. புது பஸ் என்றால் ரயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும். ரயர் எங்கே என்று அமைச்சின் செயலாளர் கேட்டார். பணிப்பாளர் கலாநிதி இராஜரத்தினம் ஒரு கணமும் தயங்காமல் மேசையைக் காட்டினார். ஆறு பேர் சேர்ந்து கம்பியூட்டர் மேசையைத் தூக்கி, நான்கு கால்களையும் நான்கு எலுமிச்சம்பழங்களின்மேல் இறக்கினார்கள். இந்த பஸ் ஒருகாலும் விபத்துக்குள்ளாகாது என்று பணிப்பாளர் பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

இந்த பஸ்ஸைப் பார்த்துக்கொள்ளும் வேலை பாலேந்திரனுடையது. யாழ்ப்பாணத்துப் பையன். பேராதனையில் பொறியியல் படித்து முடித்த பிறகு ஊருக்குப் போகப் பாதை இல்லாததால் அம்பிட்டியவிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கி, பொலிசில் பெயரைப் பதிந்துவிட்டு, யாரோடும் சத்தமாகப் பேசாமல் வாழ்ந்துகொண்டிருந்தான். கண்டியிலிருந்து பேராதனை, கலஹா வழியாக ஹேவாஹெட்ட வரைக்கும் ஒவ்வொரு ஏற்றத்தையும் இறக்கத்தையும் அளந்து கம்பியூட்டருக்குள் போட்டவன் அவன்தான். அந்தப் பாதையில் தினமும் பஸ்ஸை ஓடவிடுவான். நிலையத்தில் அந்த பஸ்ஸை உண்மையாக நேசித்த ஒரே ஆள் அவன். வந்த வினைக்கெல்லாம் அந்த நேசம்தான் காரணம் என்று பிற்பாடு அவன் நினைத்துக்கொண்டதுண்டு.

மென்பொருளோடு ஒரு சாரதியும் வந்திருந்தார். அதாவது எந்த வேகத்தில் கிளச்சை மிதிப்பது, எந்த ஏற்றத்தில் கியரை இறக்குவது என்று தீர்மானிக்கும் கணக்கு ஒன்று. அந்த நாடு தட்டையான நாடு போலும். கலஹா ஏற்றத்திலும் அந்தச் சாரதி உயர்ந்த கியரை விடாமல் பிடித்துக்கொண்டு எஞ்சினை அணைத்துவிடுவார். நம் ஊர்ச் சாரதி ஒருவர் வேண்டும் என்று பாலேந்திரன் முடிவு செய்தான்.

அப்படித்தான் சிவனு அகப்பட்டார். கலஹாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலை லொறியை ஓட்டியவர் சிவனு. கேட்டதும் பக்கத்து ஆசனத்தில் ஏற்றிக்கொண்டார். சனிக்கிழமைகளில் பாலேந்திரன் அவருடன் போய், அவர் கால் எப்போது எதை மிதிக்கிறது என்று குறித்து வந்தான். சிவனு அப்படியொன்றும் பெரிய ஓட்டக்காரர் அல்ல. கிளச்சில் பாதத்தை வைத்தபடியே ஓட்டுவார். வெற்றிலை போடுவார், வெளியே துப்பவேண்டி வந்தால் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். பாலேந்திரன் அத்தனையையும் விசுவாசமாகக் கம்பியூட்டருக்குள் போட்டான். நிலையத்தின் ஆண்டறிக்கையில் அது ‘உள்நாட்டுச் சாரதியின் இடைவிட்ட வேகத்தணிப்பு’ என்று ஓர் அத்தியாயமாக வந்தது. அதை வாசித்தளிப்பதற்காகப் பணிப்பாளர் இரண்டு முறை வெளிநாடு போய்வந்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் கணக்காய்வாளர்கள் வந்தார்கள். இந்த பஸ் இத்தனை ஆயிரம் கிலோமீற்றர் ஓடியிருக்கிறது, சாரதி யார் என்று கேட்டார்கள். அரச வாகனம் எதுவாயினும் ஓட்டுகிறவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் பதியப்பட வேண்டும் என்று சுற்றுநிருபம் இருக்கிறது. அது கம்பியூட்டருக்குள் ஓடும் பஸ் என்று பாலேந்திரன் விளக்கினான். சுற்றுநிருபத்தில் எங்கே ஓடும் பஸ் என்று பிரித்துச் சொல்லவில்லை என்றார்கள்.

யார் பெயரைப் போடுவது என்று அவன் யோசிக்கவே இல்லை. அந்தச் சாரதி சிவனுதானே. அந்தக் கால் சிவனுவின் கால். ஒரு மரியாதையாக இருக்கட்டும் என்று அடுத்த சனிக்கிழமை விசயத்தைச் சொன்னான். நாடற்றவர் என்று அரைவாசி ஆயுளைக் கழித்த மனிதர் சிவனு. பிரசாவுரிமைக்கும் அடையாள அட்டைக்கும் கந்தோர் கந்தோராக நடந்தவர். அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்ததுபோல எடுத்து நீட்டினார்.

“எழுதிக்கங்கய்யா. எம் பேரு கம்பியூட்டர்ல வருதுன்னா புள்ளைங்க சந்தோசப்படும்,” என்றார்.

அன்றிலிருந்து நிலையத்தின் வாராந்த ஓட்ட அறிக்கையின் தலையில் சிவனுவின் பெயரும் இலக்கமும் அச்சாகின. கண்டியில் புறப்பட்டது, ஹேவாஹெட்டயைச் சேர்ந்தது, வழியில் எந்த கியரில் எவ்வளவு எரிபொருள் போனது என்று பக்கம் பக்கமாக வரும் அறிக்கை அது. பாலேந்திரன் எழுதுவான், வெள்ளிக்கிழமைகளில் கம்பியூட்டர் தானாக அச்சடிக்கும், பணிப்பாளர் கையொப்பமிடுவார், அமைச்சு அலுமாரியில் வைக்கும். அதை யாரும் வாசித்ததில்லை.

பிறகு கண்டியிலும் குண்டு வெடித்தது. ஏற்கெனவே அங்கங்கே இருந்த சோதனைச்சாவடிகள் இப்போது வீதிக்கு வீதி முளைத்தன. பஸ்ஸில் போகிற சனம் இறங்கி, வரிசையில் நின்று, அட்டையைக் காட்டி, நடந்துபோய் மறுபடி ஏறப் பழகிக்கொண்டது. தமிழ்ப் பெயர் என்றால் இன்னும் கொஞ்சம் நிற்கவேண்டும். அரச நிறுவனங்களுக்கெல்லாம் ஒரு பாதுகாப்பு இணைப்பதிகாரி போடப்பட்டார். நிலையத்துக்கு வந்தவர் முழங்காலில் காயம்பட்டு ஓய்வுபெற்ற கப்டன் ஒருவர். நேர்மையானவர். லஞ்சம் வாங்கமாட்டார், வேலைக்குப் பிந்தமாட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, கையில் கிடைக்கும் காகிதம் எதையும் வாசிக்காமல் விடமாட்டார். நாட்டில் இப்படியொரு ஆள் இருப்பார் என்று நிலையம் எதிர்பார்க்கவில்லை.

கப்டன் ஓட்ட அறிக்கையை வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டபோது பாலேந்திரனுக்கு மனம் குளிர்ந்தது. மூன்று வருடமாக எழுதுகிறவனுக்கு முதல் வாசகர் கிடைத்தால் எப்படி இருக்கும். அடுத்த அறிக்கையில் சில வரைபடங்களைக்கூட அழகாகச் சேர்த்தான்.

கப்டன் பணிப்பாளரையும் அவனையும் அழைத்தார். சிங்களத்தில் மிகவும் பணிவாகப் பேசினார். “கண்டியிலிருந்து ஹேவாஹெட்ட வரை எங்கள் சாவடிகள் எத்தனை என்று நான் சொல்லமாட்டேன். அது இரகசியம். ஆனால் இந்த பஸ் ஒன்றிலும் நிற்கவில்லை. மூன்று வருட அறிக்கைகளையும் பார்த்துவிட்டேன். ஒரு நாளும் நிற்கவில்லை.”

அந்த பஸ் உண்மையில் பாதையில் ஓடுவதில்லை என்று பாலேந்திரன் தொடங்கினான். கப்டன் தலையை ஆட்டினார். சாவடிகளில் இருந்தவர்களை அவர் ஏற்கெனவே விசாரித்திருந்தார். அப்படியொரு பஸ்ஸைக் காணவேயில்லை என்று ஒருவர் விடாமல் சொன்னார்களாம். மூன்று வருடம் தினமும் போகிற பஸ் ஒருவர் கண்ணிலும் படவில்லையென்றால் அது சாதாரண பஸ் இல்லை என்பது அவர் முடிவு. கவனக்குறைவாக இருந்ததற்காகச் சாவடிக்காரர் சிலரின் லீவும் வெட்டப்பட்டிருந்தது.

பாலேந்திரன் பணிப்பாளரைப் பார்த்தான். ஒரு சொல் போதும். பஸ் இல்லை என்று அவர் சொன்னால் முடிந்தது. இராஜரத்தினம் தொண்டையைச் செருமி, நிலையம் கப்டனுக்குச் சகல ஒத்துழைப்பும் வழங்கும் என்றார்.

வெளியே வந்ததும் அவனைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். “தம்பி, பஸ் இல்லையெண்டு நாங்கள் சொல்லேலாது. பஸ் ஓடுது, நல்லா ஓடுதெண்டு வருசாவருசம் அமைச்சுக்கு எழுதிக் கையெழுத்து வைச்சவன் நான். பஸ் இல்லையெண்டால் நிலையம் என்னத்துக்கு? நிலையம் இல்லையெண்டால் பணிப்பாளர் என்னத்துக்கு? ரெண்டு கலவரத்துக்குப் பிறகும் நான் இந்தக் கதிரையில இருக்கிறன். ஏன் தெரியுமோ? மேல இருக்கிற ஆக்களுக்கு ஒருநாளும் இல்லையெண்டு சொன்னதில்லை. நீரும் அதைப் பழகும்.”

“சிவனுவை என்ன செய்வினம், சேர்?” என்று கேட்டான் பாலேந்திரன்.

“விசாரிப்பினம். அவர் ஒண்டும் செய்யேல்லைத்தானே. ஒண்டும் செய்யாதவருக்கு என்ன பயம்?” இதைச் சொல்லும்போது பணிப்பாளர் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த இடத்தில் வைத்து சிவனுவைக் கூட்டிப்போனார்கள். கண்டியில் ஏதோ ஒரு முகாம் என்று மட்டும் தெரிந்தது.

அவர் மனைவி அங்கம்மா நிலையத்தைத் தேடிக் கண்டுபிடித்து வந்தாள். கலஹாவிலிருந்து பேராதனைக்கு ஒரு பஸ், அங்கிருந்து கண்டிக்கு ஒன்று, பிறகு அம்பிட்டியவுக்கு. ஒவ்வொரு சாவடியிலும் இறங்கி ஏறி வந்தாள். புருசனின் சாரதிப் பத்திரம், தோட்டத்துத் துரை கொடுத்த நற்சான்றிதழ், கோயில் தலைவரின் கடிதம் எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பையில் கொண்டுவந்திருந்தாள். விறாந்தை வாங்கில் உட்காருவாள். சாயந்தரம் போவாள். மறுபடி வருவாள். முதல் நாள் பாலேந்திரன் பின்கதவால் வீட்டுக்குப் போனான். இரண்டாம் நாளும் அப்படித்தான் போனான்.

முன்மேசையில் இருந்த லிகிதர் றம்லத் பொறுக்க முடியாமல் அவன் அறைக்கு வந்தாள். “பாலேந்திரன் சேர், அந்தப் பொம்புளே இன்டைக்கும் வந்தீக்கிறாங்க. தேத்தண்ணி குடுத்தா குடிக்கிறாங்கல்ல. ஒங்களத்தான் பாக்கணுமாம். போய் ஒரு வார்த்த செல்லுங்களே,” என்றாள்.

அவன் போனான். அங்கம்மா எழுந்து நின்றாள். இருங்கோ என்று எவ்வளவு சொல்லியும் இருக்கவில்லை.

“ஏதோ பஸ்ஸ ஓட்டுனாருன்னு சொல்றாங்கய்யா. அவரு லொறி தவிர வேற ஓட்டுனதில்லிங்க. பஸ்ஸு ஓட்ட தனி லைசன் வேணுமில்ல. அத சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க. நம்ம ஆளு, படிச்சவரு, நீங்க உள்ளுக்கு இருக்கீங்கன்னுதான் தைரியமா வந்தேன்.”

பார்க்கிறேன், எல்லாம் சரியாகும் என்று பாலேந்திரன் சொன்னான். அவள் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு அவனுக்குச் செருப்படியாக விழுந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பெயரைப் போட்டது நான்தான் என்று சொல்ல எத்தனை நேரம் பிடிக்கும் என்று யோசித்தான். ஒரு மூச்சு போதும். அந்த மூச்சு வரவில்லை.

அதற்குப் பதிலாக அவனுக்கு ஒரு யோசனை வந்தது. பஸ் சாவடிகளில் நிற்காததுதானே குற்றம், நிற்க வைத்துவிட்டால் போயிற்று. பாதையில் சாவடிகளைச் சேர்த்து பஸ்ஸை மறுபடி ஓட்டி, இதோ நிற்கிறார் பாருங்கள் என்று கப்டனிடம் கொடுக்கலாம். சாவடிகள் எங்கெங்கே என்று அந்தப் பாதையில் போகிற குழந்தைக்கும் தெரியும். ஆனால் அவற்றைக் கம்பியூட்டரில் போடுவதென்றால் கொழும்பிலிருந்து அனுமதி வேண்டும் என்றார் கப்டன். பல கிழமைகளுக்குப் பிறகு அனுமதி வந்தது. சாவடிகளின் தொகையைப் போடலாம், இடங்களைப் போடக்கூடாது. அதாவது பஸ் நிற்கலாம், எங்கே என்று தெரியாமல் நிற்கவேண்டும்.

சிவனுவைப் பிடித்த நாளிலிருந்து நிறுத்திவைத்திருந்த பஸ்ஸைப் பாலேந்திரன் மறுபடி ஓடவிட்டு, எங்கே நிறுத்துவது என்பதைக் கம்பியூட்டரே சீட்டுக் குலுக்கி எடுக்கும்படி செய்தான். கம்பியூட்டருக்கு ஈவிரக்கம் கிடையாது. ஆள் நிறைந்த பஸ்ஸைக் கலஹா ஏற்றத்தின் மிகச் செங்குத்தான இடமாகப் பார்த்து நிறுத்தியது. அங்கிருந்து புறப்படும்போது கிளச் தேய்ந்து சூடேறியது. கிளச்சில் பாதத்தை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் வேறு சேர்ந்துகொண்டது. இரண்டாவது நிறுத்தத்தில் சூடு எல்லையைத் தாண்டியது. மூன்றாவதில் கிளச் எரிந்துபோயிற்று என்று மென்பொருள் சிவப்பு எழுத்தில் எழுதியது. பாலேந்திரன் அதை அழிக்கப் போனான். அதற்குள் அன்று வெள்ளிக்கிழமை என்பதால் வாராந்த அறிக்கை தானாக அச்சாகிப் பணிப்பாளரின் மேசைக்குப் போய், வழக்கம்போல வாசிக்கப்படாமல் கையொப்பமாகி, கப்டனிடம் சேர்ந்துவிட்டது.

கப்டன் அதை இரண்டு முறை வாசித்தார். தடுப்பில் இருக்கும் ஆள் வெளியே பஸ்ஸை ஓட்டி, அரசாங்கத்தின் கிளச்சையும் எரித்திருக்கிறார். தடுப்பில் இருந்துகொண்டு எப்படி ஓட்டினார் என்ற கேள்வி எழத்தான் செய்தது. அதற்காக முகாமின் காவல் இரட்டிப்பாக்கப்பட்டது. சிவனுவின்மேல் அரச உடைமைக்கு நாசம் விளைவித்தல் என்று இன்னொரு குற்றம் சேர்ந்தது. எரிந்த கிளச்சைப் பற்றி ஆராய நிலையத்தில் ஒரு குழுவும் போடப்பட்டது. குழு நான்கு முறை கூடி, ஒவ்வொரு முறையும் பாற்சோறும் வாழைப்பழமும் சாப்பிட்டு, கிளச்சைப் பார்வைக்கு வைக்கும்படி களஞ்சியத்துக்குக் கடிதம் எழுதியது. எந்தக் கிளச் என்று களஞ்சியம் கேட்டு எழுதியது.

உதவி செய்யப்போய் அந்த மனிதரை இன்னும் ஆழமாகப் புதைத்துவிட்டோம் என்பது பாலேந்திரனுக்கு விளங்கியது. அறையை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரி றொட்டி சுட்டு வைத்தால் அப்படியே கிடக்கும். அங்கம்மா வாங்கில் இருக்கிறாளா என்று காலையில் முதலில் பார்ப்பான். இருந்தால் பெரும்பாடு. இல்லாவிட்டால் அதைவிட மோசம்.

சாரதியின் பெயரை மாற்றிவிடலாமா என்று பணிப்பாளரிடம் கேட்டான். யார் பெயர் என்றார். என் பெயர் என்றான். இராஜரத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“நல்லா யோசியும். சிவனுவெண்டால் தோட்டத்து ஆள், ஏதோ விளங்காமல் செய்துபோட்டானெண்டு ஒரு நாளைக்கு விட்டுவிடுவினம். உம்மட பேரைப் போட்டால் எப்பிடி வாசிப்பினம்? யாழ்ப்பாணத்துப் பெடியன், இஞ்சினியர், ஒரு சாவடியிலயும் நில்லாமல் பஸ் விட்டவன். பிறகு பணிப்பாளரும் யாழ்ப்பாணமெண்டு ஆரும் கவனிப்பினம். நான் உம்மட நன்மைக்குத்தான் சொல்லுறன்.”

அவன் தன் மேசைக்குப் போய்ச் சாரதி என்ற இடத்தில் தன் பெயரை அடித்தான். அழித்தான். மறுபடி அடித்து மறுபடி அழித்தான். பயம்தான், வேறு பெயர் அதற்கு இல்லை. சிவனுவின் பெயர் அங்கேயே இருந்தது.

ஆனால் ஒரு திங்கட்கிழமை அங்கம்மா விறாந்தையில் மயங்கி விழுந்தாள். றம்லத் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினாள். கண் திறந்ததும் அங்கம்மா, ஐயா வந்துட்டாரா என்று கேட்டாள். புருசனைத்தான் கேட்கிறாள் என்று றம்லத் நினைத்தாள். அவள் பாலேந்திரனைத்தான் கேட்டாள். அன்று பகல் அவன் தான் தங்கியிருந்த அறைக்குப் போய்ச் சவர்க்காரம், பற்பசை, ஒரு சாரம், ஒரு துவாய் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு நேரே கப்டனின் அறைக்குப் போனான்.

பெயரைப் போட்டவன் நான். பஸ் கம்பியூட்டருக்குள் மட்டும் இருக்கிறது. அதை ஓட்டுகிறவனும் நான்தான். சாவடியில் நிறுத்தாதவனும் கிளச்சை எரித்தவனும் நான்தான். சிவனுவுக்கு ஒன்றும் தெரியாது. அவரை விட்டுவிட்டு என்னைப் பிடியுங்கள். இவ்வளவையும் அவன் சிங்களத்தில் தடுமாறாமல் சொல்லி முடித்தான்.

கப்டன் முழுவதும் கேட்டார். அவர் கண்களில் உண்மையான கனிவு தெரிந்தது. “இஞ்சினியர் மாத்தயா, உங்கள் நல்ல மனம் எனக்கு விளங்குகிறது. ஏழை ஒருவனைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள். ஆனால் பல்கலைக்கழகத்தில் படித்த ஒருவர் ஹேவாஹெட்ட பஸ்ஸை ஓட்டினார் என்று நான் மேலிடத்துக்கு எழுதினால், எனக்குத்தான் பைத்தியம் என்பார்கள். பஸ் ஓட்டுவதென்றால் அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள்.” பிளேன்ரீ வரவழைத்து, கூடவே ஒரு துண்டு கருப்பட்டியும் வைத்து, அவன் குடித்து முடிக்கும்வரை தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

பாலேந்திரன் பையோடு திரும்பி வந்தான். வரும்போது மனம் இலேசாக இருந்தது. அந்த இலேசு என்னவென்று விளங்கியதும் அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. பிடிக்காமல் விட்டார்களே என்ற நிம்மதி அது.

சிவனு கடைசியில் வெளியே வந்தார். யாருடைய மனச்சாட்சியும் அதற்குக் காரணமல்ல. தூரத்து நாடு மென்பொருளின் புதிய பதிப்பைத் தருவதாக எழுதியிருந்தது. பழையதை முறைப்படி கணக்கிலிருந்து கழித்துவிட்டால்தான் புதியதை வாங்கலாம் என்பது அரச விதி. ஆகவே பஸ்ஸைக் கழிப்பதற்கு மூவர் கொண்ட சபை ஒன்று வந்தது. திரையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். எஞ்சின் இல்லை, கியர்பெட்டி இல்லை, சில்லு இல்லை, அடிச்சட்டம் இல்லை என்று ஒவ்வொன்றாகப் பதிந்தார்கள். இந்த பஸ்ஸைப் பற்றி அரசாங்கத் தாளில் ஏறிய முதல் உண்மை அதுதான். காரணம் என்ற இடத்தில், நீண்டகாலப் பாவனையால் தேய்ந்துபோனது என்று எழுதி முடித்தார்கள். பணிப்பாளர் ஒரு சிறு பிரியாவிடை உரை நிகழ்த்தினார். இந்த பஸ் எந்தப் பயணியையும் ஒருபோதும் நடுவழியில் இறக்கிவிட்டதில்லை என்றபோது அவர் குரல் தழுதழுத்தது.

பஸ் கழிக்கப்பட்டதும் சாரதியின் வழக்குக் கோவையும் மூடப்பட்டது. இல்லாத வாகனத்தின் சாரதியை வைத்திருக்க விதி இல்லையென்று கப்டன் எழுதினார். முன்பு பஸ் இருந்ததா என்று அவரை யாரும் கேட்கவில்லை.

சில நாள் கழித்து சிவனுவும் அங்கம்மாவும் நிலையத்துக்கு வந்தார்கள். நன்றி சொல்ல வந்தார்கள். பாலேந்திரன் ஐயாதான் மேலிடத்தில் பேசி வெளியே எடுத்தார் என்று அங்கம்மா தோட்டம் முழுக்கச் சொல்லியிருந்தாள். அவன் கப்டனின் அறைக்குப் பையோடு போனதை அவள் வாங்கில் இருந்து கண்டிருந்தாள். பெரியவருக்கு ஏதோ கொண்டுபோய்க் கொடுத்துப் பேசியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். இல்லை என்று சொல்ல அவன் வாயெடுத்தான். அவள் கேட்கும் நிலையில் இல்லை.

சிவனு மெலிந்துபோயிருந்தார். வலது கை விரல்கள் மடங்கவில்லை. விசாரணைக்கென்று அங்கம்மாவிடம் வாங்கிய சாரதிப் பத்திரம் திரும்பக் கிடைக்கவில்லை. தோட்டத்தில் புல்லு வெட்டக் கொடுத்திருக்கிறார்கள் என்றார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. கதிரையைக் காட்டியும் நின்றபடியே இருந்தார். அங்கம்மா வெளியே போய் றம்லத்தோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் கொஞ்சம் கிட்ட வந்தார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணுங்கய்யா. தப்பா நெனைக்கக் கூடாது.”

“கேளுங்கோ,” என்றான் பாலேந்திரன். வந்துவிட்டது என்று நினைத்தான். என் பெயரை ஏன் போட்டாய் என்று கேட்கப்போகிறார். கேட்கட்டும், காலில் விழுந்து சொல்லிவிடலாம்.

“அந்த பஸ்ஸு என்னா கலருங்க?”

பாலேந்திரனுக்கு விளங்கவில்லை.

“எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேங்கய்யா. ஓட்டுனியான்னாங்க, ஓட்டுனேன்னேன். நிக்காம போனியான்னாங்க, ஆமான்னேன். கிளச்ச எரிச்சியான்னாங்க, அதுக்கும் ஆமான்னேன். கடைசியா கலரு என்னான்னு கேட்டாங்க. செவப்புன்னேன். பொய்யின்னு அடிச்சாங்க. நீலம்னேன். அதுக்கும் அடிச்சாங்க. தெரியலைன்னேன், ஓட்டுனவனுக்கு கலரு தெரியாதான்னு அதுக்குத்தான் ரொம்ப அடிச்சாங்க.” அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டார். “அது மட்டும் தெரிஞ்சிருந்தா கொஞ்சம் கொறஞ்சிருக்கும். மறுபடி கூப்புட்டாங்கன்னா சொல்லணுமில்ல.”

அந்த பஸ்ஸின் எடை பாலேந்திரனுக்குத் தெரியும். ஒவ்வொரு கியரின் பற்களும் தெரியும். எந்த ஏற்றத்தில் எஞ்சின் எப்படித் திணறும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். கம்பியூட்டரில் நிறம் கேட்கும் இடமே இருக்கவில்லை. அப்படியொரு பஸ் இல்லவே இல்லை, எழுதினவன் நான் என்று இப்போது சொல்லவேண்டும். சொல்வதற்குத்தான் இத்தனை நாளும் காத்திருந்தான். எதிரே அந்த மனிதர் பதிலுக்காக, ஒரு பாடத்தை மனப்பாடம் செய்யப் போகிறவர்போல, கவனமாக அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பச்சை,” என்றான் பாலேந்திரன்.

சிவனுவின் முகம் தெளிந்தது. திரும்பி, வாசலுக்கு வந்துவிட்ட அங்கம்மாவிடம் சொன்னார்.

“பச்சையாம். நீயும் ஞாபகத்துல வச்சிக்க.”